புகைக்குள் விழுந்த வெயில்

என் அக்கா இப்போது கண்டியில் கலியாணப் படம் பிடிக்கிறவள். புதிதாகக் கெமரா வாங்கிய பிள்ளைகள் அவளைத் தேடி வந்து, "எங்கேருந்துக்கா உங்களுக்கு இப்படியெல்லாம் யோசனை வருது?" என்று கேட்பார்கள். அவள் அலுக்காமல் சொல்வாள். முதலில் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று பார், ஆளை அப்புறம் தேடு. நின்ற இடத்திலிருந்தே படத்தை எடுத்துவிட்டுப் போகாதே, முட்டி போடு, படுத்துப் பார், கதிரையிலோ மேசையிலோ ஏறிப் பார். புது இடம் தேடி அலையாதே, தினமும் பார்க்கிற இடத்தையே இன்னொரு தடவை பார். வெள்ளைத் துணி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், நிழல் விழுந்த கன்னத்துக்கு அது போதும்.

புகை போடுவது பற்றி மட்டும் அவள் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்டால், இருமல் வரும் என்று சொல்லிவிடுவாள்.

அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்து, இனி வாழ்க்கையில் படிக்க எதுவும் மீதமில்லை என்ற நிம்மதியோடு திரிந்த விடுமுறைக் காலம் அது. கட்டாரில் வேலை செய்த மாமா அந்த முறை வந்தபோது ஒரு கெமரா கொண்டுவந்தார். அப்பாவுக்கென்றுதான் கொண்டுவந்தார். அப்பா அதை இரண்டு கைகளாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி எங்கே இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு கிழமைக்குள் கெமரா அவளுடையதாகிவிட்டது. அப்பா அதைக் கவனிக்காதது போல இருந்துவிட்டார். எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அப்படித்தான் கை மாறும்.

அக்கா அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று ஒரு படப்போட்டி அறிவித்திருந்தார்கள். தலைப்பு 'ஒளி'. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கைப்பேசியில் யார் யாரோ படம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் விடுதலை கிடைக்கவில்லை. படத்துக்கு ஆள் வேண்டும் அல்லவா?

முதலில் வாவிக்கரைக்குப் போனோம். மாலை வெயில் தண்ணீரில் விழுந்து மினுங்கியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கரை நெடுகிலும் ஆட்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு அதே தண்ணீரை, அதே வெயிலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நாம எடுத்தா இவங்க எல்லார்கிட்டயும் இருக்குற படத்துல இன்னொண்ணு" என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்து பஸ் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போய், பாறையைக் குடைந்த பாதையின் இருட்டுக்குள் நின்று, மறுபக்கத்து வெளிச்சத்தை எதிர்பார்த்தோம். ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் ஒரு லொறி வந்து வெளிச்சத்தை அடைத்துக்கொண்டது.

ஹுன்னஸ்கிரியவில் அத்தை வீடு இருந்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவர். தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரைக் கலியாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். அங்கே போய், காலைப் பனிக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் அக்கா கொஞ்சம் சிரிக்கச் சொன்னாள். அவர்களில் ஒருவர் கையை நிறுத்தாமலே, "கொழுந்து நிறுவை முடியட்டும் புள்ள, அப்புறமா வா, எல்லாருமா சேந்து சிரிக்கிறோம்" என்றார். அக்கா வெட்கப்பட்டுப்போனாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கெமராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

யோசனை வந்தது எங்கள் கடையில்தான். அதுவும் அவள் தேடாதபோது.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் எங்கள் புடவைக்கடை இருந்தது. தாத்தா தொடங்கியது, அப்பாவுக்கு வந்தது. கீழே வியாபாரம், மேலே துணி அடுக்கும் அறை. மேலறையின் தெருப்பக்கச் சுவரில் கம்பி போட்ட ஒரு காற்றுத்துவாரம் உண்டு. ஒரு நாள் பிற்பகல் நான் மேல்தட்டிலிருந்து துணிச்சுருள் ஒன்றை இழுக்கும்போது அது கை தவறிப் பலகைத் தரையில் விழுந்தது. பல வருடத்துத் தூசு கிளம்பியது. அந்தத் தூசுக்குள், துவாரத்தின் கம்பிகளுக்கிடையே வந்த வெயில், கையால் பிடிக்கலாம் போல, நாலைந்து சாய்ந்த பட்டைகளாக நின்றது. நான் தும்மிக்கொண்டிருந்தேன். அக்கா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தூசு அடங்கியதும் பட்டைகளும் மறைந்துவிட்டன.

"இன்னொண்ணு போடு" என்றாள்.

அன்று ஆறேழு சுருள்கள் விழுந்தன. தூசு தீர்ந்துபோயிற்று. வெயில் இருக்கிறது, ஆனால் அது விழுந்து தங்குவதற்குக் காற்றில் ஏதாவது இருந்தால்தான் நம் கண்ணுக்குத் தெரியும் என்று அக்கா கண்டுபிடித்திருந்தாள். எதைப் போட்டால் நிறைய நேரம் தங்கும் என்று கைப்பேசியில் தேடினாள். புகை என்று பதில் வந்தது.

கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். அப்பா எப்படியும் ஞாயிறு மத்தியானம் கடைக்குப் போவார். ஸ்டொக் பார்க்கப் போவதாகச் சொல்லுவார். உண்மையில் கீழே துணிக்கட்டுகளின் மேல் படுத்து ஒரு தூக்கம் போடுவார். வீட்டில் அம்மா ஏதாவது வேலை சொல்லிக்கொண்டே இருப்பார் என்பது அவருடைய பயம். படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி நாங்களும் கூடப் போனோம். இரும்புச் சுருள்கதவை உள்ளிருந்து இழுத்துவிட்டு அப்பா படுத்தார். நாங்கள் மேலே ஏறினோம்.

அக்காவை அவசரக்காரி என்று சொல்ல முடியாது. துணிகளையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கினாள். தகரத்தட்டில் மணல் பரப்பி, அதன் மேல் கரி மூட்டி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஈரச்சாக்கும் வைத்தாள். என் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாள், பட்டைகள் எடுப்பாகத் தெரியட்டும் என்று. என் முகத்தில் நிழல் விழும் பக்கம் வெள்ளை மல் துணியை விரித்துக் கட்டினாள். கெமராவைத் துணிச்சுருள்கள் மேல் அசையாமல் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வாங்கும்படி சரிசெய்தாள். அது தானாகவே விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்படியும் ஏதோ செய்தாள். புகை எப்போது அழகாகும் என்று நமக்குத் தெரியாது, அதனால் கெமரா விழித்துக்கொண்டே இருக்கட்டும் என்றாள். நீல வொயில் சேலை ஒன்றை என் மடியில் விரித்து, அசையக்கூடாது, சிரிக்கக்கூடாது, கெமராவைப் பார்க்கவும் கூடாது என்று கட்டளையிட்டாள். எனக்கு உடனே மூக்கு அரிக்கத் தொடங்கியது.

சாம்பிராணி போட்டாள். வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்குப் போடுகிற அளவு புகைதான் வந்தது. அது போதவில்லை. ஈரத் தேங்காய் நாரை எடுத்துக் கரியின் மேல் வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. புகை தரையிலிருந்து மெதுவாகப் படிப்படியாக ஏறியது. வெயில் அதில் வந்து விழுந்தது. பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என் மடியில் இருந்த நீலம் நான் அதுவரை பார்க்காத நீலமாயிற்று. கையை நீட்டினால் விரல்களுக்குள் வெளிச்சம் ஓடியது. கண் எரிந்தாலும் எழும்ப மனம் வரவில்லை. கெமரா மட்டும் விட்டுவிட்டு டிக், டிக் என்றது.

வெயில் உள்ளே வந்த அதே துவாரத்தால் புகை வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் யோசிக்கவில்லை.

முதலில் தெருவில் ஒரு குரல். "கினி! கினி!" என்று. தீ என்று சிங்களத்தில் கத்துகிறார்கள். பிறகு பல குரல்கள். ஓடுகிற காலடிகள். அதற்குப் பிறகு கீழே எங்கள் இரும்புக்கதவில் பலத்த அடி. கம்பியாலோ எதனாலோ யாரோ அடித்தார்கள். முழுக் கட்டிடமும் அதிர்ந்தது. அக்கா வாளியைத் தூக்கிக் கரியின் மேல் கவிழ்த்தாள். அதனால் புகை இன்னும் கூடிற்று. இருவரும் கெமராப் பக்கம் ஒதுங்கினோம்.

அப்பா மேலே ஏறி வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. புகைக்குள், வெயில் பட்டைகளுக்கு நடுவில், திடீரென்று நின்றார். சாரம் பாதி அவிழ்ந்து, தலைமயிர் கலைந்து, வாய் திறந்திருந்தது. "ஒண்ணுமில்லப்பா, படத்துக்கு" என்று அக்கா தொடங்கினாள். அவர் கேட்கவில்லை. என்னை ஒரு கையால் இடுப்பில் தூக்கினார். நான் பத்து வயதுப் பிள்ளை, அப்படித் தூக்கப்படுகிற வயதைத் தாண்டியவள். மறுகையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். மூவரும் படியிறங்கினோம்.

படி இறங்கினால் இடப்பக்கம் தெரு. கதவைத் தூக்கிவிட்டால் வெளியே போய்விடலாம். அப்பா வலப்பக்கம் திரும்பினார். பின்கதவைத் திறந்து, கடைக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய சந்துக்குள் எங்களைத் தள்ளினார். அங்கே தண்ணீர் டாங்கிக்கும் மதிலுக்கும் இடையில் ஓர் ஆள் நுழையக்கூடிய இடம் உண்டு. அதற்குள் எங்களை இருத்தி, தானும் குந்தி, எங்களுக்கு முன்னால் அடைத்துக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க" என்றார். "மூச்சுவிடுற சத்தமும் கேக்கக்கூடாது."

எனக்கு இருமல் வந்தது. அப்பாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. வலிக்கவில்லை, ஆனால் கை மிகவும் குளிர்ந்திருந்தது. முன்பக்கம் இரும்புக்கதவை அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அப்பாவின் முதுகு என் முழங்காலில் வந்து இடித்தது. அப்பா நெருப்புக்கு இவ்வளவு பயந்தவர் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கற்பூரம் ஏற்றும்போதுகூட அவர்தான் தட்டைப் பிடிப்பார்.

மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்துச் செருப்புக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அவரும் அப்பாவின் வயதுக்காரர், எங்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரத்துக்கு வருடாவருடம் வருகிறவர். கையில் வாளியோடு ஏறியிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிப்பார் என்று நினைத்தேன். மூன்று பேர் கோழிக்குஞ்சுகள் போல டாங்கிக்குப் பின்னால் குந்தியிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நானா சிரிக்கவில்லை. வாளியை மதில்மேல் வைத்துவிட்டு மெதுவாக இறங்கி வந்து, அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"ஒண்டுமில்ல. நம்மட ஆக்கள்தான். தண்ணி கொண்டு வந்தீக்கிறாங்க" என்றார். அப்பா அசையவில்லை. நானா அதையே திரும்பச் சொன்னார். "தண்ணிதான் கொண்டு வந்தீக்கிறாங்க."

அப்பாவின் கை என் வாயிலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நானாதான் போய் முன்கதவைத் தூக்கினார். தெருவில் பத்து இருபது பேர். வாளி, குடம், ஒருவர் கையில் மணல் நிறைந்த சட்டி. முன்வரிசையில் எதிர்ப்பக்கத்து இரும்புக்கடை முதலாளி. வயதானவர், பெரிய குரல்காரர், தெருவின் அந்த முனையில் பேசினால் இந்த முனையில் கேட்கும். அவர் கையில் கனத்த இரும்பு அலவாங்கு இருந்தது. கதவை அடித்தது அவர்தான். உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதால் உடைக்கப் பார்த்திருக்கிறார்.

அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மேலே ஏறிப் பார்த்தவர்கள் தகரத்தட்டையும் கறுப்புத் துணியையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ தேத்தண்ணி சொன்னார்கள். எல்லாரும் எங்கள் கடைக்குள்ளேயே நின்று குடித்தார்கள். சிரிக்காதவர் எதிர்க்கடை முதலாளி மட்டும்தான். அப்பாவைப் பார்த்ததும் அலவாங்கைச் சுவரோரம் சாத்திவிட்டு, குரல் இறங்கி, "சமாவென்ன" என்றார். சிங்களத்தில், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. பிறகு தமிழில், "நான் கதவு அடிச்சது பிழை. கூப்பிட்டிருக்கணும். உங்க பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கணும்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் அடித்ததால்தானே நான் எழும்பினேன் என்றார். உதவி செய்ய ஓடிவந்தவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவர்களின் மரியாதை இப்படித்தான் தலைகீழாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் கெமரா மேலே இருந்தபடி படம் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பின்னேரம் அக்கா அதை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் நீலச் சேலையோடு வெளிச்சத்துக்குள் உட்கார்ந்திருக்கும் படங்கள். பிறகு வாளி கவிழ்ந்து எல்லாம் வெள்ளையாகிப்போன ஒன்று. அதற்கடுத்தது அப்பா. வெயில் பட்டை ஒன்று சரியாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. மற்றதெல்லாம் இருட்டு. இரண்டு கைகளும் எங்களை நோக்கி நீண்டிருந்தன. கண்கள் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தன. நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறியது. அக்கா சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். இதைத்தான் அனுப்பப்போகிறேன் என்றாள்.

எனக்கே தெரிந்தது, அதுதான் எல்லாவற்றிலும் நல்ல படம். நாட்கணக்காக அவள் தேடி அலைந்த வெளிச்சம் அதில் இருந்தது. இப்படி ஒரு முகத்தை யாராலும் நிறுத்திவைத்து எடுக்க முடியாது.

வீட்டில் அம்மாவிடம் காட்டினோம். அம்மா கெமராவை வாங்கி ஒரு தடவைதான் பார்த்தார். "இத அனுப்பாத" என்றார். ஏன் என்று அக்கா கேட்டாள், வாதாடினாள், இது நியாயமில்லை என்றாள். அம்மா காரணம் சொல்லாமல் சோறு போடப் போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அக்கா விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. அப்பா சரி என்றால் அனுப்புவேன் என்று, கெமராவை அப்பாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் முகத்தைத் தானே வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றார். "வேற படம் இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டார். அக்கா கெமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். போட்டிக்குப் போனது நான் நீலச் சேலையோடு இருக்கும் படம். பரிசு கிடைக்கவில்லை, ஒரு சான்றிதழ் வந்தது. என் முகம் ஏதோ ஒரு மண்டபச் சுவரில் தொங்கியது என்ற பெருமையில் நான் பல நாள் பாடசாலையில் நடந்த விதமே வேறு.

பல வருடம் கழித்து, உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு ஹுன்னஸ்கிரியவில் அத்தையோடு தங்கியிருந்தபோது, பேச்சோடு பேச்சாக இந்தக் கதையை நான் சொன்னேன். அத்தை சிரிப்பார் என்றுதான் சொன்னேன். அத்தை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது அதே இடத்தில், திரும்பக் கட்டுவதற்கு முந்திய கடையில்தான் தாத்தா குடும்பம் குடியிருந்தது என்றார். மேலறையில் படுக்கை, கீழே வியாபாரம். ஒரு மத்தியானம் தெருவில் கூட்டம் கத்திக்கொண்டு வந்தது. இரும்புக்கதவை அடித்தார்கள். மேலே புகை வரத் தொடங்கியது. பாட்டி அத்தையையும் அப்பாவையும் பின்கதவால் இழுத்துப்போய் டாங்கிக்குப் பின்னால் இருத்தினாராம். அப்பாவுக்கு ஒன்பது வயது. அழாமலிருக்க அவர் வாயைப் பாட்டி பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாராம். கடை முழுதாக எரிந்து முடியும்வரை அங்கேயே இருந்திருக்கிறார்கள்.

"அவன் அத பத்தி எங்கிட்டகூட பேசுனதில்ல" என்றார் அத்தை. எதிர்க்கடை முதலாளி அந்த ஆடியில் தெருவில் எங்கே நின்றார் என்று அத்தை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தீ என்றால் எல்லாரும் தெருவுக்கு ஓடுவார்கள், எங்கள் அப்பா மட்டும் பின்னுக்கு ஓடினார் என்பதுதான். அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே கேட்டேன், வாசல் அந்தப் பக்கம்தானே, ஏன் அங்கே போகவில்லை என்று.

"வாசல் ஞாபகம் வரல பாப்பா" என்றார் அப்பா. "தூக்கக் கலக்கம்."

எனக்கு அது உலகத்திலேயே பெரிய பகிடியாகத் தோன்றியது. சொந்தக் கடையின் வாசலை மறந்த மனிதர்! அந்த வருடம் முழுவதும் நான் அதை விடவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவருகில் நின்று, கையை நீட்டிக் காட்டி, "அப்பா, வாசல் இங்கதான் இருக்கு" என்று சத்தமாகச் சொல்லுவேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நானா தன் கடைக்குள் எழுந்து போய்விடுவார்.

அப்பா, ஒவ்வொரு முறையும், முதல் தடவை கேட்பவர் போலவே சிரிப்பார்.